மெல்போர்ன் மாடியில் ஒரு பொது அடுப்பு

யாரா நதியின் தென்கரையில் அலெக்ஸாண்ட்ரா தோட்டம் என்றொரு புல்வெளி. படகுக் கூடங்களைத் தாண்டி நடந்தால் இடுப்பு உயரத்தில் சில எஃகு மேடைகள் கண்ணில் படும். மேல்தட்டு நம் தோசைக்கல்லைச் சதுரமாக்கியது போல இருக்கும். முன்னால் ஒரு பித்தான். அமுக்கினால் சூடேறும், கொஞ்ச நேரம் கழித்துத் தானே அணைந்துவிடும், இன்னும் வேண்டுமென்றால் இன்னொரு அமுக்கு. காசு கிடையாது, பதிவு கிடையாது, நீ யார் என்று கேட்க ஆளும் கிடையாது. ஆஸ்திரேலியாவில் ஊருக்கு ஊர் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் நகராட்சிகள் இப்படி மின்சார பார்பிக்யூ வைத்திருக்கின்றன.

ஜூன் மாதத்து ஞாயிறு மதியம். வெயில் இருந்தது, சூடு இல்லை. வியட்நாமியக் குடும்பம் ஒன்று சாப்பிட்டு முடித்திருந்தது. அந்த வீட்டுப் பெரியவர், சூடு ஆறாத தட்டின் மேல் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் விட்டார். சொர்ரென்று ஆவி கிளம்பியது. கருகலைச் சுரண்டித் தட்டின் நடுவில் இருந்த ஓட்டைக்குள் தள்ளினார். உருகும் கொழுப்பும் கரியும் அந்த வழியாகத்தான் அடியில் இருக்கும் பாத்திரத்துக்குப் போகின்றன. பிறகு காகிதத் துண்டால் இரண்டு தடவை துடைத்தார். அடுத்து காத்திருந்த பெண் முக்காடு போட்டவர். பெரியவருக்கு நன்றி சொல்லிவிட்டு, தட்டின் மேல் அலுமினியத் தாளை விரித்து ஓரங்களை மடக்கி, தன் கோழித்துண்டுகளை அடுக்கினார். தாள் விரித்ததைப் பெரியவர் தப்பாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்கள், ஒரு வார்த்தைக்கு மேல் பேசாமல், ஒரே அடுப்பைக் கைமாற்றிக்கொண்டன.

அண்ணன் மகள் என் தோளை இடித்தாள். "பாத்தீங்களா அத்தை? இங்க எவ்வளவு லேசா நடக்குது. எங்க பில்டிங்ல இதுக்குப் போய் மாசக்கணக்கா மீட்டிங் போட்டுக்கிட்டு இருக்கோம்."

அவள் குடியிருப்பது நகருக்கு வடக்கே கோபர்க்கில், ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில். நம் ஊரில் ஃபிளாட் அசோசியேஷன் பார்க்கிற வேலையை விக்டோரியா மாநிலத்தில் ஓனர்ஸ் கார்ப்பரேஷன் பார்க்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் இயங்கும் அமைப்பு. பழைய பழக்கத்தில் பலரும் இன்னும் பாடி கார்ப்பரேட் என்றே சொல்கிறார்கள். அதன் கமிட்டியில் இவளும் ஒருத்தி. காலியாகக் கிடக்கும் பொது இடத்தில் அடுப்பும் ஹீட்டரும் மேசையும் போட்டு எல்லாரும் வந்து உட்காரும்படி செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டாகிவிட்டது. எங்கே போடுவது, எதைப் போடுவது என்பதில்தான் சண்டை. மெல்போர்னில் நான் சுற்றிப் பார்த்த இடங்களில் பாதி, அந்தச் சண்டைக்குச் சாட்சி தேடி அவள் என்னை இழுத்துக்கொண்டு போனவை. மீதி பாதி பெங்குவின், காப்பிக்கடை வகை; அதையெல்லாம் வேறு பலர் எழுதிவிட்டார்கள்.

சுட்டுத் தின்பதை இந்த ஊர் எவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொள்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பன்னிங்ஸ் என்ற ஹார்டுவேர் கடைகளின் வாசலில் வார இறுதியில் ஏதாவது பள்ளியோ விளையாட்டுக் குழுவோ நிதி திரட்ட சாசேஜ் சுட்டு விற்கும். ஒரு ரொட்டித் துண்டு, ஒரு சாசேஜ், வதக்கிய வெங்காயம். 2018இல் அந்தக் கடை, வெங்காயத்தை சாசேஜுக்கு மேலே வைத்தால் தரையில் விழுந்து யாராவது வழுக்கிவிடுவார்கள், அடியில் வையுங்கள் என்று சொல்லிவிட்டது. நாடே கொதித்தது. பிரதமரிடம்கூடக் கருத்துக் கேட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு குடியிருப்புக் கமிட்டி அடுப்பைப் பற்றி மாசக்கணக்கில் பேசுவதில் ஆச்சரியம் இல்லை.

முதல் சாட்சி சவுத்பேங்கில். அவளுடைய அலுவலகத் தோழி அங்கே வானளாவிய கோபுரம் ஒன்றில் இருக்கிறாள். கீழே சில தளங்கள் கார் நிறுத்த. அவற்றின் கூரைதான் பொது முற்றம். வீடு விற்கும் விளம்பரங்களில் வருவதெல்லாம் அங்கே இருந்தது. கல் மேடையில் பதித்த இரட்டை கிரில், வெளியிலேயே ஒரு ஃபிரிட்ஜ், காளான் வடிவ எரிவாயு ஹீட்டர்கள், மழைக்கு உறை மாட்டிய சோபாக்கள். சனிக்கிழமை சாயங்காலம், ஒரு மனுஷர் இல்லை. கிரில் வாங்கிய அன்று போலப் பளபளத்தது.

காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. முதலாவது, காற்று. உயரமான கட்டடத்தின் முகத்தில் மோதும் காற்றில் ஒரு பங்கு சுவரோடு கீழே இறங்குகிறது. மேலே அடிக்கும் வேகத்தையும் கூடவே கொண்டுவருகிறது. அது வந்து விழும் முதல் தளம் இந்த முற்றம்தான். தோழி எடுத்துவைத்த காகிதத் தட்டு கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போயே விட்டது. இரண்டாவது, சட்டம். கண்ணாடிச் சட்டத்துக்குள் விதிகள் தொங்கின. செயலியில் முன்பதிவு, முன்பணம், ஒரு வேளைக்கு ஒரே ஒரு குடும்பம். பதிவு செய்தவர்கள் இருக்கும்போது மற்றவர்கள் அந்தப் பக்கம் வரக் கூடாது. பொது முற்றம் என்று பெயர் வைத்து, ஒருவர் இருந்தால் இன்னொருவர் வர முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். கல்யாண மண்டபத்துக்குச் சரி. நாலு வீட்டுக்காரர்கள் தற்செயலாகச் சந்திக்க உதவாது.

தோழி எங்களுக்காக ஹீட்டர் ஒன்றைப் பற்றவைத்தாள். உச்சந்தலை காய்ந்தது, முழங்கால் நடுங்கியது. காளான் ஹீட்டர் ஒன்று முழு வீச்சில் மணிக்குச் சுமார் 40 மெகாஜூல் எரிக்கும். 11 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே வழக்கத்தில் உள்ள சிலிண்டர் 9 கிலோ. கணக்குப் போட்டால் பதினொரு மணி நேரத்தில் காலி. சென்னையில் 14.2 கிலோ சிலிண்டரை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் குடும்பம் மாசக்கணக்கில் மூன்று வேளை சமைக்கிறது. இங்கே அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானதை எரித்து, காற்று கொண்டுபோவதற்காகக் காற்றைச் சூடாக்குகிறார்கள். பிரான்சில் ரென் நகரம் 2020 தொடக்கத்திலேயே ஓட்டல்களின் வெளித்தளங்களில் ஹீட்டரைத் தடை செய்தது. 2022 வசந்தத்தில் நாடு முழுவதும் தடை வந்தது. மெல்போர்ன் அந்தப் பக்கம் இன்னும் போகவில்லை. சந்துக் காப்பிக்கடைகளில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர்கள் சிவந்துகொண்டேதான் இருக்கின்றன.

இரண்டாம் சாட்சி டாக்லண்ட்ஸில். டிராமில் லா ட்ரோப் தெருவின் மேற்குக் கோடிக்குப் போனோம். லாக்ரோஸ் என்ற கட்டடத்தை அண்ணாந்து பார்க்கச் சொன்னாள். 2014 நவம்பரில் ஓர் இரவு, எட்டாம் மாடி பால்கனியில் சரியாக அணைக்காத சிகரெட் ஒன்றிலிருந்து தீப்பிடித்தது. வெளிச்சுவரில் ஒட்டியிருந்த அலுமினியப் பலகைகளின் உள்ளே பிளாஸ்டிக். தீ அந்தப் பலகைகளைப் பிடித்துக்கொண்டு நிமிடங்களிலேயே கட்டடத்தின் உச்சிக்கு ஏறிவிட்டது. 400 பேருக்கு மேல் நடுராத்திரியில் வெளியே வந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. மூன்றாம் வருஷம் லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்தபோதுதான், இங்கே தப்பித்தது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று உலகத்துக்கு உறைத்தது.

"கட்டடத்துல ஒரு பெரியவர் இருக்கார் அத்தை, துருக்கிக்காரர். கரி அடுப்புதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறார். நான் இந்தக் கதையைச் சொன்னேன். அவரு சொல்றாரு, அது சிகரெட்டு, என்னது கரின்னு."

அந்தப் பெரியவரைப் பிறகு சந்தித்தேன். அவர் சொன்னதில் ஒன்றை மறுக்க முடியவில்லை: மின்சாரத் தட்டில் இறைச்சி வேகும், சுடாது. கரியின் தணலில் கொழுப்பு சொட்டி, அந்தப் புகை மறுபடி இறைச்சியில் ஏறுவதுதான் ருசி. ஆனால் அந்தப் புகைதான் மூன்றாம் மாடி ஜன்னல் வழியாகவும் போகும். போதாததற்கு, விக்டோரியாவில் கோடை உச்சத்தில் முழுத் தீத்தடை நாட்கள் அறிவிப்பார்கள். அன்று விறகோ கரியோ திறந்தவெளியில் மூட்டவே கூடாது. எரிவாயு, மின்சார அடுப்புகளுக்கு மட்டும் நிபந்தனையோடு அனுமதி: சுற்றி மூன்று மீட்டருக்கு எரியக்கூடிய பொருள் இருக்கக் கூடாது, பக்கத்தில் குழாய்த் தண்ணீரோ பத்து லிட்டர் தண்ணீரோ இருக்க வேண்டும், வயது வந்தவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். ஆக, கரி அடுப்பு கட்டினால், வெளியில் உட்கார ஆசை வருகிற நாட்கள் சிலவற்றில் அது பூட்டிக் கிடக்கும்.

மூன்றாம் சாட்சி கோபர்க்குக்குத் தெற்கே. அப்ஃபீல்ட் ரயில் பாதையை ஒட்டி சைக்கிள் தடம் ஒன்று ஓடுகிறது. கோபர்க்கிலிருந்து அதன் வழியாகவே தெற்கே நடந்து மோர்லண்ட் தாண்டினால் ஆன்ஸ்டி நிலையம். பக்கத்தில் ஃபிளாரன்ஸ் தெரு. குட்டித் தெரு, பழைய பட்டறைகள் இருந்த இடம். அதில் எதிரும் புதிருமாக இரண்டு கட்டடங்கள். ஒன்று, 24 வீடுகள் கொண்ட தி காமன்ஸ். இன்னொன்று 2017இல் முடிந்த நைட்டிங்கேல் ஒன்று, 20 வீடுகள். இரண்டையும் வடிவமைத்தது ஜெரமி மக்லியோடின் ப்ரீத் நிறுவனம். இரண்டிலும் குடியிருப்பவர்களுக்குக் கார் நிறுத்த இடமே கிடையாது. ரயில் வாசலில் இருக்கும்போது எதற்கு என்றார்கள். அதில் மிச்சமாகும் பணத்தை வேறு எதிலெல்லாம் போடலாம் என்பதுதான் இந்தக் கட்டடங்களின் சூட்சுமம். 2022இல் பக்கத்து டக்கெட் தெருவில் இதே வழியில் ஆறு கட்டடங்கள் சேர்ந்து நைட்டிங்கேல் வில்லேஜ் என்று எழுந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது மாடியைப் பற்றி. நைட்டிங்கேலில் வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் இல்லை. உச்சிமாடியில் பொதுவாகத் துவைக்கும் அறை, வெளியில் கொடிகள், சுற்றிலும் தொட்டிச் செடிகள், தெற்கே தூரத்தில் நகரத்துக் கோபுரங்கள். அங்கே குடியிருக்கும் ஒருவரோடு நாங்கள் மேலே போனபோது, ஓர் இளைஞர் படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தார். ஒரு பாட்டி துவைப்பு முடியக் காத்துக்கொண்டு புதினா கிள்ளிக்கொண்டிருந்தார். விருந்து இல்லை, கொண்டாட்டம் இல்லை. இருவரும் ஏதோ பல்வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சவுத்பேங்க் முற்றத்தில் இல்லாதது எது என்று எனக்கு அப்போது பிடிபட்டது. பொது இடத்துக்குப் போக ஒரு வேலை இருக்க வேண்டும். அடுப்புக்காக மட்டும் மாடி ஏறுகிறவர்கள் மாதம் ஒரு முறை ஏறுவார்கள். துணிக்காக ஏறுகிறவர்கள் வாரம் மூன்று முறை ஏறுவார்கள்; ஏறினால் அடுப்பைப் பார்ப்பார்கள்; பார்த்தால் மறுநாள் இரண்டு சோளக்கதிரோடு வருவார்கள். வடாம் பிழிய மொட்டை மாடிக்குப் போன தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாடிச் சாவியைச் செயலாளர் வீட்டு ஆணியில் மாட்டிவைத்த தலைமுறைக்குத்தான் சொல்ல வேண்டும்.

இந்த நகரத்துக்கு இந்தப் பாடம் ஏற்கெனவே ஒருவர் சொல்லியிருக்கிறார். டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யான் கேல், 1994இல் மெல்போர்ன் நகராட்சியோடு சேர்ந்து, மக்கள் தெருவில் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று எண்ணி ஓர் அறிக்கை கொடுத்தார். சந்துகள் உயிர்பெற்றதில் அதற்கும் பங்கு உண்டு. அவர் நாட்டுக் கோபன்ஹேகனில் குளிரிலும் வெளியில் உட்காருகிறவர்கள் மடியில் கம்பளி போர்த்திக்கொள்கிறார்கள். கடைக்காரர் நாற்காலிக்கு ஒரு கம்பளி வைத்துவிடுகிறார். ஹீட்டரை விட இது மலிவு. பதினொரு மணி நேரத்தில் தீர்ந்தும் போகாது.

கோபர்க் கட்டடத்தில் இரண்டு இடங்கள் போட்டியில் இருந்தன. கமிட்டியின் ஆலோசகர் வரைந்து கொடுத்தது தரைத்தளத்துப் பின்முற்றம். அங்கே கழிவுநீர்க் குழாய் பக்கம், செலவு குறைவு. படத்தில் அழகாக இருந்தது. வெயில் வேறு மஞ்சளாக வரைந்திருந்தார்கள். அண்ணன் மகள் திசைகாட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். "பின்முற்றம் தெற்குப் பக்கம் அத்தை. இங்க வெயில் வடக்கேருந்துதான் வரும்." நமக்கு இது சட்டென்று மண்டையில் ஏறாது. பூமத்திய ரேகைக்குக் கீழே, கிட்டத்தட்ட 38 பாகை தெற்கே இருக்கிற ஊர் இது. ஜூன் பிற்பகுதியில் உச்சி வேளையில்கூடச் சூரியன் வடவானத்தில் 29 பாகை உயரத்துக்கு மேல் எழுவதில்லை. டிசம்பர் சென்னையில் அது ஐம்பதைத் தாண்டும். இருபது மீட்டர் உயரக் கட்டடம், குளிர்கால மதியத்தில் தெற்கே 36 மீட்டருக்கு நிழல் விரிக்கும். பின்முற்றத்தின் நீளம் அதில் பாதிகூட இல்லை. அதாவது, குளிர்காலம் முழுக்க ஒரு கீற்று வெயில் விழாத இடத்தில், குளிருக்கு ஹீட்டர் வைக்கத் திட்டம். அதோடு அந்த முற்றத்துக்கு மேலே வரிசையாகப் படுக்கையறை ஜன்னல்கள். மூன்றாம் மாடியில் ஒரு செவிலியர். இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறவர்.

மாடியோ நான்கு பக்கமும் வெயில். புகை போக இடம் உண்டு. லிஃப்ட் மேல்வரை போகிறது, சக்கர நாற்காலிக்காரர்களும் வரலாம். துணிக்கொடிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பிரச்சினை காற்றும் ஒழுகலும். நம் ஊரில் மாடியில் ஆணி அடித்தவன் பட்ட பாடு தெரிந்ததுதானே. பந்தல் கால் நட தளத்தைத் துளைத்தால் நீர்த்தடுப்புப் படலம் போச்சு, ஆறாம் மாடிக் கூரையில் ஈரம். அதனால் கால்களைக் கனமான செடித்தொட்டிகளில் ஊன்றி, தொட்டிகளையே மேற்குப் பக்கம் வரிசையாக வைத்து, காற்றுத் தடுப்பாகவும் ஆக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதைச் சொன்னது கட்டுமானம் படிக்கும் பஞ்சாபி மாணவன், ஆலோசகர் அல்ல. அடுப்பு மேடையைக் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கட்டக் கூடாது என்றும் அவனே சொன்னான். சுவர் ஒரு மீட்டர் உயரம்; மேடை அதற்குப் பக்கத்தில் வந்தால் குழந்தைகளுக்கு அது ஏணிப்படி.

கூட்டம் கார் நிறுத்தும் தளத்தில், மடக்கு நாற்காலிகளில் நடந்தது. நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மாடிதான் இடம் என்பது சீக்கிரம் முடிந்தது. திசைகாட்டியோடு வாதாட யாரும் தயாராக இல்லை. மின்சாரத் தட்டா, எரிவாயுவா என்பதும் இழுபறியாகவில்லை. திட்ட அனுமதி தேவைப்படும் புது வீடுகளுக்கு 2024 ஜனவரி முதல் எரிவாயு இணைப்பே கூடாது என்று மாநிலம் சொல்லிவிட்ட பிறகு, புதிதாகக் குழாய் இழுக்க யாருக்கும் மனசில்லை. முன்பதிவு வைக்கலாமா என்றதும் அண்ணன் மகள் சவுத்பேங்க் படத்தைக் கைபேசியில் காட்டினாள். பதிவு வேண்டாம், இரவு ஒன்பதுக்கு மின்சாரம் தானே நிற்கட்டும் என்று முடிந்தது. செவிலியரும் தலையாட்டினார்.

சைவத்துக்குத் தனித் தட்டு கேட்டது நாங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தாம் மாடியில் இருக்கும் வெள்ளைக்கார வீகன் இளைஞன். ஒரு தட்டில் எழுதி ஒட்டிவிடலாம் என்றான். கூட்டமாக இருக்கும் நாளில் யார் போய்ச் சண்டை போடுவது என்றார் இன்னொருவர். கடைசியில் பூங்காவில் நாங்கள் பார்த்ததைச் சொன்னோம்: இழுப்பறையில் அலுமினியத் தாள் உருளை ஒன்று பொதுச் செலவில் இருக்கட்டும், வேண்டியவர் விரித்துக்கொள்ளட்டும். யார் துடைப்பது என்பதற்கு மட்டும் விடை வரவில்லை. சுரண்டியைச் சங்கிலியால் கட்டிவைக்கலாம் என்பதோடு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு எலக்ட்ரீஷியன் எழுதியதை வாசித்தார்கள். அதுதான் கூட்டத்தைத் திருப்பிப் போட்டது. கமிட்டி கேட்டிருந்தது மூன்று தட்டு, ஆறு ஹீட்டர். பந்தலின் அடியில் மாட்டும் அகச்சிவப்பு ஹீட்டர் காற்றைச் சூடாக்குவதில்லை. வெயிலைப் போல நேரே உடம்பில் படும். காளானை விட எவ்வளவோ மேல். ஆனால் தட்டோ ஹீட்டரோ, ஒவ்வொன்றும் 2.4 கிலோவாட் இழுக்கும். ஒன்பதும் ஒன்றாக எரிந்தால் 21க்கு மேல். லிஃப்ட், மாடிப்படி விளக்கு, கார்க்கதவு எல்லாம் ஓடும் அதே பொது இணைப்பு அதைத் தாங்காது. இணைப்பைப் பெரிதாக்கினால் அந்தச் செலவு மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததை விட அதிகம். குறைத்துத்தான் ஆக வேண்டும்.

ஹீட்டரைக் குறைப்பதா, தட்டைக் குறைப்பதா? வாடகைக்கு விட்டுவிட்டுக் குவீன்ஸ்லாந்தில் இருக்கும் ஒரு வீட்டுக்காரர், தொலைபேசி வழியாக, ஹீட்டர் இருந்தால்தான் வாடகை ஏறும் என்றார். இங்கேயே குடியிருக்கிறவர்கள் பெரும்பாலும் தட்டின் பக்கம். அடுப்பு இரண்டே இருந்தால் வரிசை நிற்கும், வரிசை நின்றால் கோபம் வரும். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம், பசிக்கு என்ன போடுவது என்றார் முதல் மாடி இத்தாலியப் பாட்டி. மூன்று தட்டு இருக்கட்டும். நீள மேசைக்கு மேல் இரண்டே ஹீட்டர், பூங்காவில் உள்ளது போல அமுக்கினால் கால் மணி நேரம் எரிந்து அணையும் பித்தானோடு. ஒரு பெட்டி நிறையக் கம்பளி. ஓட்டு விழுந்தது. கம்பளியை யார் துவைப்பது என்று உடனே ஒரு குரல் எழுந்தது. அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள்.

துருக்கியப் பெரியவர் ஓட்டுப் போடவில்லை. தம்பி வீடு பிராட்மெடோஸில் இருக்கிறது, கொல்லையில் கரி அடுப்பு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்து உண்மையான கரிச்சூட்டு மங்கால் எப்படி இருக்கும் என்று பாருங்கள், பிறகு உங்கள் தட்டை வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு, நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனார். பதினோரு வீட்டுக்காரர்கள் வருவதாகப் பேர் கொடுத்தார்கள். வீகன் இளைஞனும் கொடுத்தான், கத்தரிக்காய் கொண்டுவருகிறானாம்.